ஆலோசனை அறை வரை செல்ல முடியாத மாணவர்கள்

புது தில்லி: மாநிலங்களவையில் 2023 ஜூலையில் மத்திய கல்வித் துறை இணையமைச்சர் சுபாஷ் சர்க்கார் எழுத்து மூலம் ஒரு பதில் அளித்தார். மத்திய அரசின் உயர் கல்வி நிறுவனங்களில் 2018 முதல் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 98 பேர் என்றது அந்தப் பதில். ஐஐடிகளில் 39 பேர். என்ஐடிகளிலும் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் தலா 25 பேர். ஐஐஎம்களில் 4 பேர். ஐசர்களில் 3 பேர். ஐஐஐடிகளில் 2 பேர்.

இந்தக் கணக்கை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. 2018-இல் 21 பேர், 2019-இல் 19 பேர். கரோனாவால் விடுதிகள் பூட்டிக் கிடந்த 2020-இலும் 2021-இலும் தலா 7 பேர். வளாகங்கள் மீண்டும் திறக்கப்பட்ட 2022-இல் 24 பேர். 2023-இல் ஜூலைக்குள்ளேயே 20 பேர். நோய்த்தொற்றுக் காலத்தின் தனிமைதான் இளைஞர்களை வாட்டியது என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், இந்த எண்கள் விரல் நீட்டுவது வளாகத்தை நோக்கி.

இத்தகைய கேள்விகள் அவையில் ஏறத்தாழ ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுகின்றன. பதில்களும் வருகின்றன. எல்லாம் இறந்தவர்களை எண்ணும் கேள்விகள். உயிரோடு இருக்கும்போது உதவி கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை நாள் காத்திருந்தார்கள், இரண்டாம் முறை வந்தார்களா என்று கேட்கும் உறுப்பினர் அபூர்வம். கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வைப் பொருத்தவரை உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2023-இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,71,418 பேரில் 13,892 பேர் மாணவர்கள். பத்தாண்டுகளுக்கு முன்பு, 2013-இல், இந்த எண்ணிக்கை 8,423. பள்ளி மாணவர்களும் இதில் அடக்கம். தற்கொலை செய்துகொள்ளும் எல்லோரும் மனச்சோர்வு நோயால் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர். மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த முடிவுக்குச் செல்வதும் இல்லை. இரண்டையும் ஒன்றாகவே பார்த்துப் பழகியதால் நேரும் இழப்பு ஒன்று உண்டு. செத்துப்போக நினைக்காத, ஆனால் மாதக்கணக்கில் எழுந்திருக்கவே முடியாமல் கிடக்கும் மாணவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

எங்கே தடைபடுகிறது?: தர்மபுரியிலிருந்தோ ஒடிசாவின் ஒரு சிற்றூரிலிருந்தோ தில்லிக்குப் படிக்க வரும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். ஊரில் அவர்தான் முதலிடம். இங்கே வகுப்பில் உள்ள எல்லோருமே அவரவர் ஊரில் முதலிடம். முதல் பருவத் தேர்வில் ஒரு தாள் போகிறது. தமிழகத்தில் 'அரியர்' எனப்படுவது தில்லியில் 'பேக்'. பெயர் எதுவானாலும் வீட்டுக்குச் சொல்ல முடியாத செய்தி அது. பிறகு தூக்கம் கெடுகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு விழித்துக்கொள்வதும், எட்டரை மணி வகுப்புக்கு எழ முடியாமல் போவதும் வழக்கமாகின்றன. விடுதி உணவகத்துக்குச் செல்வது குறைகிறது. கிரிக்கெட், சினிமா, அரட்டை எதிலும் நாட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தொலைபேசி அழைப்புக்கு மட்டும் குரலைச் சரிசெய்துகொண்டு "நல்லா இருக்கேம்மா" என்கிறார்.

இதை அவர் நோய் என்று நினைப்பதில்லை. சோம்பல் என்று நினைக்கிறார். ஆசிரியர்களும் அப்படியே நினைக்கின்றனர். இந்த இடத்தில் மொழியும் சற்று இடறுகிறது. 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லைத் தமிழில் தேர்வுக் காலப் பதற்றத்துக்கும் சொல்கிறோம். மருத்துவர் மாத்திரை எழுதித்தர வேண்டிய மனச்சோர்வு நோய்க்கும் சொல்கிறோம். ஹிந்தியில் 'தனாவ்', 'அவசாத்' என இரு சொற்கள் இருந்தும் பேச்சில் எல்லாமே 'டென்ஷன்' ஆகிவிடுகிறது. டென்ஷன் யாருக்குத்தான் இல்லை? எனவே, யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்றாகிவிடுகிறது.

மருத்துவம் வேறு அளவுகோலை வைத்திருக்கிறது. ஏறத்தாழ நாள் முழுவதும், ஏறத்தாழ எல்லா நாள்களிலும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் மனம் தாழ்ந்திருப்பதோ எதிலும் நாட்டமற்றுப் போவதோ முதல் அறிகுறி. அதனுடன் தூக்கம், பசி, உடல் தெம்பு, கவனம் ஆகியவற்றில் மாற்றம், காரணமற்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றில் சிலவும் சேர்ந்திருந்தால் அது மனச்சோர்வு நோய் என மருத்துவர்கள் முடிவுசெய்கின்றனர். ஒன்பதே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகெங்கும் இதற்கு முதற்கட்டச் சோதனையாகப் பயன்படுகிறது. அதை நிரப்ப ஐந்து நிமிடம் போதும். இந்தியாவில் பலருக்கு மனச்சோர்வு உடல் வழியாகவே பேசுகிறது என்பதும் மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். தலைபாரம், நெஞ்சில் இறுக்கம், வயிற்றுக் கோளாறு, உடல் அசதி என்று வளாக மருத்துவரிடம் வரும் மாணவருக்கு வைட்டமின் மாத்திரை கொடுத்தனுப்பிவிட்டால், உதவி தேடி அவர் வந்த ஒரே தருணம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

அதையும் தாண்டி ஆலோசகரைப் பார்க்க முடிவெடுத்தவருக்கும் வழி எளிதாக இல்லை. பல வளாகங்களில் ஆலோசனை அறை மாணவர் நலத் தலைவரின் அலுவலகத்தை ஒட்டியோ சுகாதார மையத்தின் நடுக்கூடத்திலோ அமைந்திருக்கிறது. அங்கே நுழைவதை நான்கு பேர் பார்க்காமல் இருக்க முடியாது. அலுவலக நேரத்தில் மட்டுமே அறை திறந்திருக்கும். அந்த நேரத்தில்தான் வகுப்பும் நடக்கும். மனச்சோர்வு மிகக் கடுமையாக இருக்கும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கதவில் பூட்டுதான். தேர்வுக் காலத்தில் கூட்டம் கூடுகிறது, காத்திருப்பும் நீள்கிறது. ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்ட ஆலோசகர் ஆண்டு முடிவில் மாறிவிட்டால், மாணவர் தம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். எத்தனை முறைதான் சொல்வது?

மொழிச் சிக்கல் இதற்கு மேல். தமிழில் அழுபவர் ஆங்கிலத்தில் அதை விளக்க வேண்டும். மிசோரமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வரும் மாணவர்களுக்கும் இதே நிலைதான்.

பைத்தியக்காரப் பட்டம்: தமிழ் சினிமா நகைச்சுவைக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ அப்படித்தான் தில்லிப் பேச்சுவழக்குக்கு ஆக்ராவும் ஷாதராவும், பிகாரிலும் வங்கத்திலும் ராஞ்சி. "இவனை ஆக்ராவுக்கு அனுப்பு" என்ற கேலியைக் கேட்டு வளர்ந்த மாணவர் மனநல மருத்துவர் என்ற பெயர்ப்பலகையைக் கண்டால் தயங்குவதில் வியப்பில்லை. ஷாதராவில் இருந்த பழைய மனநோய் மருத்துவமனைதான் 1993-இல் இப்பாஸ் எனப்படும் மனித நடத்தை மற்றும் இணை அறிவியல் நிறுவனமாக உருமாறியது. இன்று அங்கே புறநோயாளிகளாக வந்து சிகிச்சை பெற்றுத் திரும்புவோரே மிகுதி. பெயர் மாறியது, கேலி மாறவில்லை.

நடிகை தீபிகா படுகோன் தமக்கு மனச்சோர்வு நோய் இருந்ததை 2015-இல் வெளிப்படையாகச் சொன்ன பிறகு நகரத்து மாணவர்களிடையே இந்தப் பேச்சு ஓரளவு இயல்பானது. சிற்றூரிலிருந்து வந்தவர்களுக்கு, முக்கியமாகத் திருமணப் பேச்சு தொடங்கும் வயதில் உள்ள பெண்களுக்கு, அந்த இயல்பு இன்னும் எட்டவில்லை.

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் சிகிச்சை பெறாமலே இருப்பது தெரியவந்தது. இத்தனைக்கும் இது சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும் நோய். இலேசான பாதிப்புக்கு முறையான உளவியல் ஆலோசனையே போதும். நடுத்தர, கடுமையான பாதிப்புகளுக்கு மருந்தும் ஆலோசனையும் சேர்ந்து பலனளிக்கின்றன. ஃபுளூவாக்செட்டின், செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்ற மருந்துகள் காப்புரிமைக் காலம் முடிந்தவை; விலை அதிகமில்லை. இவை பழக்கத்துக்கு அடிமையாக்கும் தூக்க மாத்திரைகள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது; அது தவறு. ஆனால், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே வாய் உலர்தல், குமட்டல் போன்ற பக்கவிளைவுகள் தலைகாட்டும். பத்தாம் நாளில் "ஒன்றும் ஆகவில்லை" என்று மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். குணமான பின்னும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும் என்பதும், தாமாக நிறுத்தக் கூடாது என்பதும் முதல் சந்திப்பிலேயே சொல்லப்பட வேண்டியவை. இளவயதினருக்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் மருத்துவர் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியதும் அவசியம். மாதம் ஒரு முறை, பத்து நிமிடம் என்று இயங்கும் நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இது எப்படிக் கைகூடும் என்பது வேறு விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது?: நாடாளுமன்றம் இந்த விஷயத்தில் ஒரு நல்ல காரியத்தைச் செய்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகியதைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நடைமுறையில் இருந்தது 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். அதற்கு மாற்றாக ஒரு மசோதா 2013-இல் மாநிலங்களவையில் அறிமுகமாயிற்று. நிலைக்குழு ஆய்வுக்குப் பிறகு, அரசே கொண்டுவந்த 134 திருத்தங்களுடன் 2016 ஆகஸ்டில் அந்த அவையிலும், 2017 மார்ச்சில் மக்களவையிலும் நிறைவேறியது. ஆட்சி மாறியும் மசோதா மாண்டுபோகாமல் முழு ஆதரவுடன் கரையேறியது இக்காலத்தில் அடிக்கடி காணக் கிடைக்காத காட்சி.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்கிறது அதன் 18-ஆவது பிரிவு. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது 23-ஆவது பிரிவு. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டுமே விலக்கு. பதினெட்டு வயது நிறைந்தவர் தம் சார்பில் முடிவெடுக்க உதவும் பிரதிநிதியாக யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உற்ற நண்பராகவும் இருக்கலாம். முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டுமே வைத்து ஒருவரை மனநோயாளி என முடிவுகட்டக் கூடாது என்கிறது 3-ஆவது பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 115-ஆவது பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கிலான முயற்சிக்கு மட்டும் தனிப் பிரிவு உண்டு.

இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. விடுதி அறையில் இருக்கும் மாணவருக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. தெரிய வேண்டியது 23-ஆவது பிரிவுதான். ஏனெனில், "துறைத் தலைவருக்குத் தெரிந்துவிடுமோ, வேலைவாய்ப்பு முகாமில் சொல்லிவிடுவார்களோ, வீட்டுக்குக் கடிதம் போய்விடுமோ" என்ற அச்சம்தான் பலரை ஆலோசனை அறையின் வாசலிலிருந்து திருப்பி அனுப்புகிறது. சேர்க்கை நாளில் ராகிங் தடுப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கும் கல்லூரிகள், அதே நாளில் இந்த உரிமையை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் எந்தச் செலவும் இல்லை.

காப்பீட்டைப் பொருத்தவரை, உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018 ஆகஸ்டில் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால், பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். மனச்சோர்வுக்கு மருத்துவமனையில் சேர வேண்டியவர் மிகச் சிலரே. வாரம் ஒரு முறை தனியார் ஆலோசகரைப் பார்க்கும் செலவு மாணவரின் சட்டைப்பையிலிருந்தே போக வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் தலையீடு: தில்லி ஐஐடியில் 2023-இல் பட்டியலின மாணவர்கள் இருவர் இறந்ததையொட்டி, வழக்குப் பதிவு செய்யக் கோரி அவர்களுடைய பெற்றோர் நீதிமன்றப் படியேறினர். உயர் நீதிமன்றம் மறுத்துவிட்ட நிலையில், 2025 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய உத்தரவிட்டது. நீதிபதி மகாதேவன் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. அத்துடன் நில்லாமல், உயர் கல்வி நிறுவனங்களில் மாணவர்களின் மனநலம், தற்கொலைத் தடுப்பு ஆகியவற்றை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. தொடக்கச் செலவுக்கு 20 லட்சம் ரூபாயை மத்திய அரசு செலுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நான்கு மாதங்கள் கழித்து, விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. மனநலம் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்றது தீர்ப்பு. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரு முறை பயிற்சி தர வேண்டும். உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். நாடாளுமன்றமோ சட்டப்பேரவைகளோ உரிய சட்டம் இயற்றும் வரை இவை கட்டுப்படுத்தும்.

நூறு பேருக்கு மேல் இருந்தால் ஒருவர் என்பது நல்ல தொடக்கம்தான். ஆனால், ஐயாயிரம் பேர் படிக்கும் கல்லூரியும் 'ஒருவரையேனும்' நியமித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்லிவிட முடியும். அந்த ஒருவர் யார் என்பதும் கேள்வி. வேறு துறை ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து 'ஆலோசகர்' என்று பலகை மாட்டுவது நம் நாட்டில் புதிதல்ல. விடைத்தாளைத் திருத்துபவரிடமே மனக்குறையைச் சொல் என்றால் எந்த மாணவர் வாய் திறப்பார்?

சாதி என்னும் மௌனம்: ஆலோசனை அறை மட்டுமே தீர்வு எனக் கருதுவோர் பார்க்க மறுக்கும் பகுதி ஒன்று உண்டு. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் பாகுபாட்டுக்கு உள்ளாவது குறித்து ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, 2007-இல் அளித்த அறிக்கையில் விடுதியிலும் வகுப்பிலும் அவர்கள் ஒதுக்கப்படுவதைப் பதிவு செய்தது. அன்று மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் அன்புமணி ராமதாஸ். 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவும், 2019 மேயில் மும்பையில் பழங்குடி சமூகத்தைச் சேர்ந்த மருத்துவர் பாயல் தாட்வியும் இறந்தனர். அந்த இருவரின் தாய்மார்களும் 2019-இல் உச்ச நீதிமன்றம் சென்றனர். வழக்கின் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2026 ஜனவரியில் வெளியிட்ட புதிய சமத்துவ விதிமுறைகளை, எதிர்ப்பு கிளம்பியதைத் தொடர்ந்து, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

இன்னொரு பதிலும் நாடாளுமன்ற ஏடுகளில் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து ஐந்தாண்டுகளில் இடைநின்ற பட்டியலின, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் 13,626 பேர் என 2023 டிசம்பரில் மக்களவையில் தெரிவிக்கப்பட்டது. வேறு நிறுவனங்களுக்கும் படிப்புகளுக்கும் மாறிச் செல்வோரும் இதில் அடங்குவர் என அரசு விளக்கியது. இருக்கலாம். ஆனால், நுழைவுத் தேர்வில் பெற்ற இடத்தைக் கேட்டே ஒருவரின் சாதியை ஊகிக்கும் விடுதியில், தனிமைப்பட்டுச் சோர்ந்துபோகும் மாணவருக்கு "மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லும் ஆலோசகரால் என்ன பயன்? அவருக்கு வந்திருப்பது நோய்தான், மருந்தும் தேவைதான். நோய்க்கிருமி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் மருத்துவம் முழுமையாகும்.

வருகைப் பதிவும் தேர்வும்: மனச்சோர்வு முதலில் பறிப்பது காலை வகுப்பை. வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாவிட்டால் ஓராண்டு போகும். ஓராண்டு போனால் மனச்சோர்வு மேலும் கூடும். தில்லியில் சட்ட மாணவர் ஒருவர் போதிய வருகை இல்லை எனத் தேர்வெழுத அனுமதிக்கப்படாத நிலையில் 2016-இல் இறந்தார். அவருடைய நண்பர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காக ஏற்று, பின்னர் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர் 3-இல், வருகைக் குறைவைக் காரணம் காட்டி எந்தச் சட்ட மாணவரையும் தேர்வெழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாய வருகை விதியை மறுபரிசீலனை செய்யுமாறு இந்திய வழக்குரைஞர் சங்கக் கவுன்சிலையும் கேட்டுக்கொண்டது.

தில்லி ஐஐடி 2023-இல் ஒவ்வொரு பருவத்திலும் இருந்த இரண்டு இடைத் தேர்வுகளில் ஒன்றைக் கைவிட்டது. சிறிய மாற்றம்தான். ஆனால், மனநலச் சொற்பொழிவுகளைக் காட்டிலும் இத்தகைய மாற்றங்கள் மாணவர்களின் அன்றாடத்தில் உடனடியாகத் தெரிபவை. உடல்நலக் காரணத்துக்காக ஒரு பருவத்தை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு உதவித்தொகையும் விடுதி அறையும் இழக்காமல் திரும்பி வர வழி இருக்கிறதா என்பதுதான் ஒரு வளாகத்தின் அக்கறைக்கு உண்மையான உரைகல். டைபாய்டு வந்தால் தரும் விடுப்பை மனச்சோர்வுக்கும் தருவதில் என்ன தடை?

அரசின் தரப்பிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில் 'மனோதர்பன்' திட்டம் தொடங்கப்பட்டது. 2022-23 மத்திய பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த தொலைபேசி வழி மனநலத் திட்டம், அதே ஆண்டு அக்டோபர் 10-இல் 'டெலி மானஸ்' என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. நள்ளிரவிலும் எடுக்கிறார்கள், தமிழிலும் பேசுகிறார்கள், பெயர் கேட்டு வற்புறுத்துவதில்லை என்பதால் ஆலோசனை அறையின் பெரும் குறைகள் இங்கே இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளிலேயே 10 லட்சத்துக்கும் அதிகமான அழைப்புகள் வந்தன. ஆனால், 2023-24 பட்ஜெட்டில் சுமார் 134 கோடி ரூபாயாக இருந்த இதன் ஒதுக்கீடு 2024-25-இல் 90 கோடி ரூபாயாகக் குறைந்தது. தேவை பெருகும்போது ஒதுக்கீடு சுருங்குவதற்கு, முந்தைய ஆண்டின் தொகை முழுமையாகச் செலவிடப்படாததும் ஒரு காரணம். இது அரசுக்குப் பெருமை சேர்க்கும் விளக்கம் அல்ல.

நண்பர்களின் பங்கு: விடுதியில் மாற்றத்தை முதலில் காண்பவர் அறைத்தோழர். பெற்றோருக்கும் பேராசிரியருக்கும் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். உலக சுகாதார அமைப்பு இதை மறுக்கிறது. கேட்பது எண்ணத்தைத் தூண்டுவதில்லை. பெரும்பாலும் பாரத்தைக் குறைக்கவே செய்கிறது. கேட்டபின் அறிவுரை கூறாமல் காது கொடுப்பது, ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் தனியே விடாமல் உடனிருப்பது, முதல் முறை மருத்துவரிடம் செல்லும்போது கூடவே போவது ஆகிய மூன்றும் எந்தப் பயிற்சியும் பெறாதவர்களாலும் இயலும். பல ஐஐடிகளில் மூத்த மாணவர்கள் வழிகாட்டிகளாக நியமிக்கப்பட்டுள்ளனர். ஆனால், அவர்களே மருத்துவர் அல்லர். அடுத்த அறையில் உள்ளவரின் உயிருக்குப் பொறுப்பேற்க வேண்டிய சுமையைத் தேர்வுக்குப் படிக்கும் இன்னொரு இருபது வயது இளைஞரின் தலையில் ஏற்றிவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அங்கிருந்து அவர்கள் அழைத்துச் செல்ல மருத்துவர் வேண்டுமே. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் உள்ளார் என்றும், ஒரு லட்சம் பேருக்கு மூவர் என்ற இலக்கை எட்ட இன்னும் 27 ஆயிரம் மனநல மருத்துவர்கள் தேவை என்றும் சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் சுட்டிக்காட்டியது. மக்கள்தொகைக்கு ஏற்ப, சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட எண்ணிக்கையில் மனநல வல்லுநர்களை உருவாக்கப் பத்தாண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் அந்தக் கெடு 2028-இல் முடிகிறது.

(உதவிக்கு: டெலி மானஸ் - 14416. 24 மணி நேரமும், தமிழ் உள்பட 20 மொழிகளில், கட்டணமின்றிப் பேசலாம். தமிழகத்தில் 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.)